வீடியோ டாக்டருக்கு ஒரு வருஷப் பணம் முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. 2020இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததிலிருந்து கிளினிக் என்றாலே பயப்படுகிறார். 120 வெள்ளி கட்டினால் வருஷம் முழுக்க டாக்டரிடம் வீடியோவில் பேசலாம் என்று ஒரு ஆப் விளம்பரம் வருகிறது. கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. 2020 மார்ச் 18இல் அந்த ஆணை வந்ததற்கு அப்புறம் தோட்டத்துப் பக்கம் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள், பயமும் நியாயமானதுதான். ஆனால் அம்மாவுக்கு முதலில் வேண்டியது பேச்சு இல்லை, மாத்திரை. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்குப் பார்த்து மருந்து வாங்குகிறவர் என்றால், மருந்துச் சீட்டோடு அங்கே போன் போட்டு, தொடர் மருந்தைத் தபாலில் அனுப்புவார்களா என்று கேளுங்கள். 'உபாட் மெலாலுய் போஸ்' (தபால் வழி மருந்து) என்று அந்தத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது, தபால் செலவு மட்டும் நம்முடையது. இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைத் தபாலில் நம்ப வேண்டாம், குளிரில் இருக்க வேண்டிய மருந்து.

அதற்கு மேலும் டாக்டரிடம் பேச வேண்டும் என்றால் ஒரு தடவைக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டு வாசலில் நின்றால்தான் போனுக்கே சிக்னல் கிடைக்கிறது, உங்கள் பக்கம் எப்படியோ! பணம் கட்டும் முன் டாக்டரின் முழுப் பெயரைக் கேட்டு, மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள், தொழில் செய்வதற்கான இந்த ஆண்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அந்த ஆப்பை அழித்துவிடுங்கள். மருந்து அனுப்பினால் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பதற்கான டெலிமெடிசின் சட்டம் 1997லேயே நிறைவேறியும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 5 வெள்ளி கட்டி வழக்குப் போடும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவ சேவையை விலக்கி வைத்திருக்கிறது. டாக்டர் மேல் புகார் என்றால் மருத்துவ மன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

காலில் புண், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் வீடியோ எல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. அந்த 120 வெள்ளியில் வீட்டிலேயே சுகர் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கலாம், வீடியோவில் எந்த டாக்டர் வந்தாலும் காலையில் சுகர் எவ்வளவு என்று கேட்காமல் விடமாட்டார். கடையில், ரத்தத்தைத் தொட்டு மிஷினில் செருகும் ஸ்ட்ரிப்பின் விலையை முதலில் கேளுங்கள், மிஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில்தான் பணத்தைப் பிடிப்பார்கள்.