அக்ரிலிக் வாஷ்பேசினில் விழுந்த கீறல்களை வீட்டிலேயே போக்க முடியுமா?

போர் தண்ணீரின் உப்புக் கறையைப் போக்குவதற்காகக் கம்பி நார் போட்டுத் தேய்த்ததில் அக்ரிலிக் வாஷ்பேசின் முழுவதும் கீறல் விழுந்து மங்கிவிட்டது, பிளம்பர் பேசினையே மாற்றச் சொல்கிறார், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பெயர்ப்பலகைப் பட்டறையில் அக்ரிலிக் தகடுகளை அறுத்து, தேய்த்து, பளபளப்பேற்றும் வேலையில் இருப்பவன் நான். என் வீட்டு வாஷ்பேசினிலும் உறவினர் வீடுகளிலும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: கம்பி நார் போட்ட கீறலுக்காக ஒரு பேசினைக் கழற்றி எறிய வேண்டியதில்லை.

முதலில், அது அக்ரிலிக்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பீங்கான் தொட்டால் சில்லென்றிருக்கும், விரலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். அக்ரிலிக்கில் அந்தக் குளிர்ச்சியும் இராது, ஒலியும் மந்தமாக இருக்கும். பீங்கானில் தெரியும் கருஞ்சாம்பல் கோடுகள் பல நேரங்களில் கீறல்களே அல்ல. பாத்திரமோ கம்பியோ உரசியதில் ஒட்டிக்கொண்ட உலோகத் தடங்கள். அவற்றுக்கு நான் கீழே சொல்லும் வைத்தியம் பொருந்தாது. அக்ரிலிக்கிலும் இரண்டு வகை உண்டு. தகட்டைச் சூடாக்கிக் குழிவாக இழுத்து, பின்புறம் ஃபைபர் கிளாஸ் பூசிச் செய்வது ஒன்று. அக்ரிலிக் பிசினோடு கனிமத் தூள் கலந்து முழுக்கனமாக வார்ப்பது மற்றொன்று. டூபான்ட் நிறுவனம் 1967-இல் உருவாக்கிய கோரியன் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதில் மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள் என்பதால் தைரியமாகத் தேய்க்கலாம். முதல் வகையில் அக்ரிலிக் என்பது மேலே இருக்கும் சில மில்லிமீட்டர் மட்டுமே. அதுவும் தகடு அதிகம் இழுபடும் ஆழமான மூலைகளில் இன்னும் மெலிந்திருக்கும் என்பதால், அங்கே கை மிகவும் மென்மையாகப் பட வேண்டும். பேசினுக்கு அடியில் குனிந்து பார்த்தால் நார் நாராக ஃபைபர் கிளாஸ் தெரிகிறதா என்பதிலிருந்து வகையை அறியலாம்.

அடுத்து, எது கீறல், எது உப்பு என்று பிரிக்க வேண்டும். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துக் கறையின் மேல் கால் மணி நேரம் போர்த்தி வைத்துவிட்டுக் கழுவுங்கள். குழாய், தண்ணீர் வடியும் வாயில் பொருத்தியிருக்கும் வேஸ்ட் கப்ளிங் போன்ற குரோம் பூச்சுப் பகுதிகளில் அது தேங்க வேண்டாம். கீறல் என்று நினைத்ததில் ஒரு பகுதி இத்துடன் போய்விடக்கூடும். மீதியை நன்றாக உலரவிட்டு, குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிச் சென்றால் அது மேலோட்டமான கீறல். நகம் மாட்டினால் ஆழமானது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கீறலை நாம் அழிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள பரப்பைக் கீறலின் அடிமட்டம் வரை சீராக இறக்குகிறோம். ஆகையால் எந்த உப்புத்தாளில் தொடங்குவது என்பதைக் கீறலின் ஆழம்தான் தீர்மானிக்கிறது. நகம் மாட்டாத கீறலுக்கு 1500-ஆம் எண் வாட்டர் பேப்பர், அதாவது ஈரமாகத் தேய்க்கும் உப்புத்தாள், போதும்; எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்பு குறையும். சில சமயம் கார்களுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டு மட்டுமே போதுமானதாக இருக்கும். நகம் மாட்டினால் 600-இல் தொடங்கி 800, 1000, 1500, 2000 என்று ஏறிச் செல்ல வேண்டும். இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால், முந்தைய தாள் போட்ட கோடுகளை அடுத்த தாளால் எடுக்க முடியாமல், பளபளப்பேற்றிய பிறகு அவை மங்கலான புகைபோல் எழும்.

பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் கேட்டால் இந்த எண்களில் கிடைக்கும். தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, முனைகளை வட்டமாகக் கத்தரித்து விடுங்கள். கூரான முனை மடங்கினால் அதுவே புதிதாக ஒரு கீறலைப் போடும். துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான ஸ்பாஞ்சில் சுற்றிப் பிடியுங்கள். பேசின் குழிவாக இருப்பதால் மரக்கட்டை அதன் வளைவுக்கு ஒத்துவராது. வெறும் விரலால் அழுத்தினாலோ விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, எப்போதும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். ஒரு தாளில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்காகத் தேய்ப்பது எங்கள் வழக்கம்: முந்தைய கோடுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதைக் கண்ணே சொல்லிவிடும். கீறலின் மேல் மட்டும் தேய்க்காமல் அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்காவது பரப்பித் தேயுங்கள். தாள் மாற்றும் முன் பேசினையும் ஸ்பாஞ்சையும் நன்றாகக் கழுவுங்கள். பழைய தாளின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் வேலை கெடும்.

பலரும் கவனிக்காத ஓர் இடம் இது: ஈரம் கீறலை மறைக்கும். தண்ணீர் கீறலுக்குள் இறங்கி ஒளிச் சிதறலைக் குறைத்துவிடுவதால், ஈரத்தில் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் துடைத்து உலர்த்தி, கைபேசி விளக்கைப் பரப்பின் மீது சாய்வாக அடித்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

2000 முடிந்ததும் பேசின் பால் வெண்மையாக, மங்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம். ரப்பிங் காம்பவுண்டைப் பருத்தித் துணியில் எடுத்து வட்ட வட்டமாகத் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு திரும்பும். டிரில் மெஷினில் பஃபிங் திண்டு மாட்டி விரைவாக முடிக்க நினைப்பவர்கள், குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அக்ரிலிக் ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும்; உராய்வுச் சூடே அதற்குப் போதும். கோரியன் போன்ற வகையில் மங்கலான மேற்பரப்புதான் இயல்பு என்றால், அதற்கேற்ற எண்ணிலேயே நிறுத்தி, முழுப் பரப்பையும் ஒரே சீராகத் தேய்த்து விட்டால் போதும்.

தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றை எந்தக் கட்டத்திலும் அக்ரிலிக் அருகே கொண்டு வராதீர்கள். பரப்பு இளகிப் பிசுபிசுக்கும், அல்லது உள்ளுக்குள் நுண்ணிய வெடிப்புகள் வலைபோல் ஓடும். பிறகு எந்தத் தாளாலும் அதை மீட்க முடியாது. அக்ரிலிக் துண்டுகளை ஒட்டப் பட்டறையில் குளோரோஃபார்ம் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு, அதனால் கீறலை இளக்கி மூடலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உடலுக்கே ஆபத்து.

நகம் முழுதும் இறங்கும் பள்ளமாக இருந்தால் தேய்த்து இறக்கக் கூடாது. குளியல் தொட்டிகளைப் பழுதுபார்க்க விற்கும், இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் ஃபில்லரை வாங்கி, பள்ளத்தைச் சொரசொரப்பாக்கிச் சுத்தம் செய்து, சற்று மேடாக நிரப்பி, இறுகிய பிறகு மேற்சொன்னபடி சமன்படுத்துங்கள். வெள்ளை நிறத்தில் இது ஓரளவு மறைந்துவிடும். ஐவரி நிறத்தில் திட்டு தெரியாமல் நிறம் சேர்ப்பது கடினம். அழுத்தினால் அசையும் விரிசல் மட்டும் வேறு கதை. அதன் வழியே பின்புற ஃபைபர் கிளாஸுக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும். அப்படியொரு விரிசல் இருந்தால் பிளம்பர் சொன்னதே சரி.