அப்பாவின் சிபிஎஃப்பும் மகளின் கோச்சும்

அன்புள்ள அக்கா,

என் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன செமஸ்டரில் மார்க் இறங்கிவிட்டது. அறையை விட்டு வெளியே வருவதே குறைந்துபோயிற்று. கேட்டால் “ஒண்ணுமில்லம்மா” என்கிறாள். இப்போது அவர்கள் ஃபேக்கல்டியில் மாணவர்களுக்கு ‘கோச்’ வைத்திருக்கிறார்களாம். கவுன்சலிங் என்றாலே கூச்சப்படுகிற பிள்ளைகள்கூட இவர்களிடம் போய்ப் பேசலாமாம். எங்களைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கோச் என்பவர் டாக்டரும் இல்லை, கவுன்சலரும் இல்லை. இது போதுமா? நாளைக்கு வேலை தேடும்போது ரெக்கார்டில் இருக்குமா? அவள் என்ன பேசினாள் என்று நாங்கள் கோச்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா? நாங்கள் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் அப்பா தன் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) பணத்தை எடுத்துத்தான் படிக்க வைக்கிறார்.

பெயர் வேண்டாம்,
செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது கேள்வியே இல்லாத அந்தக் கடைசி வரி. அதற்கு வருகிறேன்.

முதலில் ரெக்கார்டு. கோச்சிடம் பேசுவது மருத்துவப் பதிவில் சேர்கிற விஷயமே அல்ல. அப்படியே சிகிச்சைக்குப் போனாலும், வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிராக 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் மனநலமும் சேர்ந்திருக்கிறது. லிட்டில் இந்தியாவில், தேக்காவில் எதிரே வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் உங்கள் ரெக்கார்டு என்றால், அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

அடுத்து, போதுமா? மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 30.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் இவற்றில் ஏதாவது ஒன்று கடுமையாகவோ மிகக் கடுமையாகவோ இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். இத்தனை பேரும் நேராக டாக்டரிடமோ கவுன்சலரிடமோ போய் உட்கார நாட்டில் அத்தனை நாற்காலி இல்லை. எல்லாருக்கும் அந்த நாற்காலி தேவையும் இல்லை. 2023இல் அறிவித்த தேசிய மனநல உத்தியிலேயே ஆதரவை நான்கு படியாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். கீழ்ப்படியில் நிற்கிற பிள்ளைக்கு, முறையாகப் பயின்ற கோச் நல்ல துணை.

முறையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோச் என்று யார் வேண்டுமானாலும் கார்டு அடித்துக்கொள்ளலாம், அதற்கு உரிமம் கிடையாது. பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பின் அடிப்படைச் சான்றிதழுக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். ஆகவே இரண்டு கேள்வியை மகளையே கேட்கச் சொல்லுங்கள்: என்ன பயின்றீர்கள்? எந்தக் கட்டத்தில் என்னை வேறொருவரிடம் அனுப்புவீர்கள்? இரண்டாவதற்குச் சட்டென்று பதில் வராத கோச்சிடம் போகவே வேண்டாம். தூக்கம் போய், சாப்பாடு போய், “நான் இருந்து என்ன” என்ற பேச்சு வந்தால் அது கோச்சின் வேலையைத் தாண்டிவிட்டது. அன்றைக்கே உதவி எண்களான 1771ஐயோ 1767ஐயோ அழையுங்கள். இரண்டும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் ஆம்புலன்ஸுக்கு 995. அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று எழுதவில்லை. மார்க்கைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது சிபிஎஃப்.

ஒரு குறையும் வைக்கவில்லை என்றதோடு நிறுத்தியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அடுத்து ஏன் அந்தக் கணக்கு? முன்பின் தெரியாத எனக்கே எழுதுகிறீர்கள் என்றால், வீட்டில் அது எத்தனை தடவை காதில் விழுந்திருக்கும்! அதுவும் சரியான கணக்கா என்றால், இல்லை. சிபிஎஃப் கல்வித் திட்டத்தில் எடுத்தது கடன். படிப்பு முடிந்த ஒரு வருஷத்தில் உங்கள் மகள்தான் அதை வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், அதிகபட்சம் 12 வருஷம். அந்தப் பெண் கடன்காரி. அவளிடமே போய் வள்ளல் என்று பெயர் வாங்கப் பார்க்கிறோம்.

என் பெரியப்பா மகன், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன், எண்பதுகளில் கெண்ட் ரிட்ஜில் பொறியியல் படித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள். பெரியப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில்தான் படிப்பு. அதை அண்ணனிடம் அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. வருகிற போகிறவர்களிடம்தான் சொல்வார், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது.

இரண்டாம் ஆண்டில், மாதக்கணக்காக, அண்ணன் காலையில் குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, வரைபடம் போடுகிற டி-ஸ்குவேரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். போனது சாங்கி விமான நிலையத்துக்கு. அங்கே ஏர்கான் உண்டு, எழுந்து போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பொழுது சாய அதே டி-ஸ்குவேரோடு திரும்புவார். பெரியம்மா மைலோ கலக்கி வைத்திருப்பார். வகுப்புக்கே வரவில்லை என்று கடிதம் வந்த அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. பெரியப்பா கேட்ட முதல் கேள்வி: “எவ்வளவு காசு போச்சு?”

பல வருஷம் கழித்து அண்ணன் என்னிடம் சொன்னார்: “வரைய உட்கார்ந்தா, ஒரு கோடு இழுக்கிறதுக்குள்ள இந்தக் கோட்டுக்கு அப்பாவுக்கு எத்தனை மணி நேரம் ஓவர்டைம்னு கணக்கு ஓடும். பேனா நகராது.” அவருக்கு வந்தது பைத்தியமுமில்லை, சோம்பலுமில்லை. அந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, “இந்தப் படிப்பு உனக்கு வேணுமா?” என்று கேட்க வீட்டில் ஆளில்லை, காலேஜிலும் ஆளில்லை.

கோச் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். உங்கள் மகளும் முதலில் “நல்ல டிகிரி, நல்ல வேலை” என்றுதான் சொல்வாள். அது அவள் அப்பாவின் பதில். கெட்டிக்காரக் கோச்சாக இருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு, இன்னொரு தடவை கேட்பார். பிறகு வேலையைச் சின்னதாக்குவார். அடுத்த புதன்கிழமைக்குள் ஒரே ஒரு டியூட்டோரியலுக்குப் போ, முடியாவிட்டால் எது தடுத்தது என்று வந்து சொல் என்பார். அடுத்த புதன்கிழமை அவர் அங்கே இருப்பார். அவ்வளவுதான் வித்தை. அறிவுரை சொல்ல மாட்டார். அது நம் வீடுகளிலேயே மலிவாகக் கிடைக்கிறது.

எனக்கு வேறொரு பயம் இருக்கிறது. நம் ஊரில் எதைக் கொடுத்தாலும் டியூஷனாக்கிவிடுவோம். கோச் வைத்ததே மார்க்கைத் தூக்கி நிறுத்தத்தான் என்று பல்கலைக்கழகம் நினைக்க ஆரம்பித்தால், மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடுகிற பெல் கர்வுக்கு இன்னொரு டியூஷன் டீச்சர் வந்து சேர்ந்தார், வேறொன்றும் நடக்காது. “எத்தனை செஷனில் சரியாகும்?” என்று உங்கள் வீட்டுக்காரர் இந்நேரம் கேட்டிருப்பார். கேட்கவில்லை என்றால் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

நாலைந்து தடவை பேசிவிட்டு, “ஒரு செமஸ்டர் நிற்கிறேன்” என்று அவள் வந்து நின்றால்? அப்படி விடுப்பு எடுக்க நம் பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. ஆண் பிள்ளைகள் இரண்டு வருஷம் கட்டாயத் தேசிய சேவை முடித்துவிட்டுத்தான் முதல் வகுப்பிலேயே வந்து உட்காருகிறார்கள். அதை வீண் என்று எந்த அப்பாவும் சொல்வதில்லை. ஒரு பெண் ஆறு மாதம் நின்றால் மட்டும் குடி முழுகிவிடுமா? நிற்கலாம் என்று சொல்ல அனுமதி இல்லாத கோச் எனக்கு வேண்டாம். நிற்கலாம் என்பதைக் காதில் வாங்காத அப்பா அம்மா இருக்கிற வீட்டில், எந்தக் கோச்சும் ஒன்றும் செய்ய முடியாது.

கோச்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா? கூடாது. செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கலாம், பேசுகிறவள் அவள். யாரிடம் எது போகும், எது போகாது என்று முதல் சந்திப்பிலேயே கோச் அவளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆபத்து என்று பட்டால் மட்டும் வாய் திறப்பார்கள். மற்றதெல்லாம் அவள் சொந்தப் பேச்சு. அவளாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் சாப்பாடு போடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் ஒன்று கிறுக்கியிருந்தீர்கள்: முதல் நாள் லீவ் போட்டு அவளோடு போய் அறைக்கு வெளியே உட்காரலாமா என்று. வேண்டாம், வேலைக்குப் போங்கள்.

அன்புடன்,
அக்கா