பெயர் தெளிவாகத் தெரியாத கதாபாத்திரத்துக்கு எந்தத் தலைப்பில் பக்கம் தொடங்குவது?

கேள்வி: ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ரசிகர் கலைக்களஞ்சியம் ஒன்றை எழுதி வருகிறோம். மூன்று அத்தியாயங்களில் மட்டும் வரும் சிறைக்காவலர் ஒருவரை நடிகர் பட்டியல் ‘காவலர் 2’ என்கிறது. ஒரு காட்சியில் சக காவலர் அவரை ‘மார்க்’ என்று அழைக்கிறார். சப்டைட்டிலில் அதே இடத்தில் ‘மார்ட்டின்’ என்று வருகிறது. அவராக நடித்தவரோ ஒரு பேட்டியில் ‘மார்க் ஹாரிசன்’ என்று முழுப்பெயரே சொல்லியிருக்கிறார். எந்தப் பெயரில் பக்கம் தொடங்குவது?

பதில்: ‘மார்க்’ என்றே தொடங்குங்கள். தொடரில் வேறொரு மார்க் இருந்தால் ‘மார்க் (சிறைக்காவலர்)’ என்று அடைப்புக்குறிக்குள் தொழிலைச் சேருங்கள். மற்ற மூன்று பெயர்களையும் பக்கத்தின் உள்ளே, அவை எங்கிருந்து வந்தன என்ற குறிப்போடு பதிவு செய்துவிட்டு, அவற்றிலிருந்து இந்தப் பக்கத்துக்கு வழிமாற்று (அப்பெயர்களைத் தேடுவோரைத் தானாக இங்கே கொண்டுவரும் இணைப்பு) அமையுங்கள்.

கதைக்குள் வாழும் ஒருவர் இன்னொருவரை அழைக்கும் பெயரே முதன்மையான சான்று என்பது இத்தகைய கலைக்களஞ்சியங்கள் பலவற்றில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். நடிகர் பட்டியல் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். எண்ணிட்ட பெயர் என்றால் அந்த இடமும் அதற்கு இல்லை. ‘காவலர் 2’ என்பது அந்த ஓர் அத்தியாயத்தின் நடிகர்களைப் பிரித்துக் காட்டத் தயாரிப்புக் குழு வைத்துக்கொண்ட அடையாளம் மட்டுமே. அடுத்த அத்தியாயத்தில் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்போது அதே ‘காவலர் 2’ முற்றிலும் வேறொருவராக இருக்கலாம். எண் இல்லாத பட்டியல்கூடக் கதையோடு முரண்படுவது உண்டு. பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் கதைக்குள் அந்த நாயகர் பொதுவாக ‘டாக்டர்’தான் என்றாலும், 1960களிலும் 1970களிலும், பின்பு 2005ஆம் ஆண்டுப் பருவத்திலும் நடிகர் பட்டியல் அவரை ‘டாக்டர் ஹூ’ என்றே குறித்தது. அந்தப் பட்டியலை மட்டும் நம்பித் தலைப்பு வைத்திருந்தால் கதை சொல்லாத ஒரு பெயரைக் கதையின் மேல் ஏற்றியதாகிவிடும்.

சப்டைட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் புதிய தொகுப்பாளர்கள் அதற்கு அளவுக்கு மீறிய மதிப்புத் தருகிறார்கள். பெரும்பாலும் அதை எழுதுவோர் கதாசிரியர்கள் அல்லர்; காதால் கேட்டு எழுதும்போது பிழை நேரும், பழைய திரைக்கதைப் படியைப் பார்த்து எழுதும்போது படப்பிடிப்பில் மாறிவிட்ட பெயர் அப்படியே தங்கிவிடும். உங்கள் ‘மார்ட்டின்’ இவற்றில் எந்த வழியில் வந்திருந்தாலும், நடிகரின் வாயிலிருந்து தெளிவாகக் கேட்கும் சொல்லை அது வெல்ல முடியாது. ஒலி தெளிவில்லாத இடத்தில் எழுத்துக்கூட்டலைத் தீர்மானிக்க மட்டும் அதைத் துணைக்கு அழைக்கலாம். பார்வையாளர்களே தகவல் சேர்க்கும் திரைப்படத் தரவுத்தளங்களைத் தனிச் சான்றாகக் கொள்ளவே கூடாது. அங்குள்ள பெயர் உங்களைப் போன்ற இன்னொரு ரசிகர் ஊகித்ததாக இருக்கக்கூடும்.

பேட்டியில் வந்த குடும்பப்பெயரை ஏன் தலைப்பில் சேர்க்கக் கூடாது என்று கேட்கலாம். நடிகர் பொய் சொல்கிறார் என்பதல்ல காரணம். திரைக்கு வராத பெயரை நாளை கதாசிரியர் மாற்றிவிட முடியும் என்பதுதான். ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் 1966 முதல் வந்த சுலு என்ற கதாபாத்திரத்துக்கு ‘ஹிகாரு’ என்ற முதற்பெயர் 1981இல் ஒரு நாவலில் கிடைத்தது. திரையில் அது ஒலித்தது 1991ஆம் ஆண்டுத் திரைப்படத்தில்தான். அப்பெயர் உறுதிப்பட்டது நல்ல வாய்ப்பே தவிர, நாவல்களும் பேட்டிகளும் தந்த பெயர்களெல்லாம் அப்படித் திரைக்கு வந்து சேர்வதில்லை. இதனால்தான் அத்தொடரின் ரசிகர்கள், திரையில் வந்ததை அடிப்படையாகக் கொள்ளும் ‘மெமரி ஆல்ஃபா’ ஒரு பக்கமும், உரிமம் பெற்ற நாவல்களையும் சித்திரக்கதைகளையும் சேர்த்துக்கொள்ளும் ‘மெமரி பீட்டா’ மறுபக்கமுமாக இரண்டு கலைக்களஞ்சியங்களை வளர்த்து வருகிறார்கள். உங்கள் குழு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் இத்தகைய வாக்குவாதங்களில் பாதி எழாது.

வசனத்திலும் பட்டியலிலும் பெயரே இல்லாத கதாபாத்திரங்களுக்கு விளக்கத் தலைப்பு வேண்டும். அது பெயர் போலத் தோன்றாமல் விளக்கமாகவே தோன்ற வேண்டும் என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘அடையாளம் தெரியாத சிறைக்காவலர்’ என்பது சரி. குழுவுக்குள் செல்லமாக வழங்கும் பட்டப்பெயர் சரியன்று. நீங்கள் கற்பித்த பெயர் மற்ற தளங்களுக்குப் பரவி, அங்கிருந்து ஒரு செய்திக்கோ அட்டைப்படத்துக்கோ போய்ச் சேர்ந்த பிறகு, அதையே சான்றாகக் காட்டி உங்கள் பக்கத்தை ஒருவர் உறுதிப்படுத்துவார். அந்தச் சுழலை அவிழ்ப்பது மிகக் கடினம். ‘ஸ்டார் வார்ஸ்’ ரசிகர்களின் ‘வூக்கிபீடியா’ ஊகத் தலைப்புள்ள பக்கங்களின் உச்சியில், தலைப்பு ஊகமே என்று அறிவிக்கும் வார்ப்புருவை (பல பக்கங்களில் பயன்படுத்தும் ஆயத்தக் குறிப்பை) இடுகிறது. நீங்களும் அப்படி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். ‘திமிர் பிடித்த காவலர்’ போன்ற மதிப்பீடும், ‘துரோகி’ போன்று கதை முடிவை உடைக்கும் சொல்லும் தலைப்புக்கு ஆகா. ஒரே காட்சியில் வசனமின்றிக் கடந்து போகிறவருக்குத் தனிப்பக்கமே தேவையில்லை. அந்த அத்தியாயத்தின் பெயரற்றோர் பட்டியலில் ஒரு வரி போதும்.

இயற்பெயர் கிடைத்துவிட்டால் தலைப்பை மாற்றியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் 1991 முதல் ‘காமிக் புக் கை’ (சித்திரக்கதைப் புத்தக ஆள்) என்றே அறியப்பட்ட கடைக்காரருக்கு 2005இல் ஜெஃப் ஆல்பர்ட்சன் என்ற பெயர் சொல்லப்பட்ட பின்னும், விக்கிப்பீடியா அவரைப் பழைய பெயரிலேயே வைத்திருக்கிறது. பார்வையாளர் தேடுவது அந்தப் பெயரைத்தான். ஆனால் உங்கள் காவலருக்கு மக்கள் மனத்தில் பதிந்த அழைப்பு எதுவும் இல்லாததால், இந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது.

பின்னொரு பருவத்தில் அவருடைய முழுப்பெயர் திரையிலேயே வெளிப்பட்டால் பக்கத்தை நகர்த்தலாம். ஆனால் தலைப்பு என்பது தேடல் பெட்டியின் பரிந்துரையிலும் பகுப்புகளிலும் பார்த்த உடனே தெரிவது. பெயரே கதைத் திருப்பமாக இருந்தால், அத்தியாயம் ஒளிபரப்பாகிச் சில நாட்கள் கழியும்வரை பொறுத்திருங்கள். நகர்த்தியபின் பழைய தலைப்பை வழிமாற்றாக விட்டுவிட்டு, இப்பக்கத்துக்கு இணைப்புத் தரும் பக்கங்களைக் காட்டும் ‘இப்பக்கத்தை இணைத்தவை’ பட்டியலைத் திறந்து, முந்தைய அத்தியாயங்களின் கதைச்சுருக்கங்களில் புதிய பெயர் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அத்தியாயங்களில் அவர் இன்னும் வெறும் மார்க்தான். அங்கே அப்படியே இருக்கட்டும்.