மாந்தோப்பை மகன் பெயருக்கு எழுதினால் போதுமா?

பாலக்கோடு அண்ணனுக்கு வணக்கம். உங்களுக்கு 61 வயது, ஆட்டிசம் உள்ள மகனுக்கு 24. எங்களுக்குப் பிறகு அவன் பிழைக்க, மாந்தோப்பை அவன் பெயருக்கு எழுதிவைத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது அண்ணா. கையெழுத்தின் பொருள் புரியாத பிள்ளையின் பெயரில் நிலம் இருந்தால், நிலத்தைத்தான் பார்ப்பார்கள், பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள்.

கிருஷ்ணகிரியில் இதே வயது மகளை வளர்க்கிறேன். 18 வயது முடிந்தபின் பெற்றோரும் தாமாகச் சட்டப்பூர்வ பாதுகாவலர் ஆவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரின் குழுதான் நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் கேளுங்கள்.

தோப்பை, மகனுக்காகப் பொறுப்பாளர்கள் நிர்வகிக்கும் குடும்ப அறக்கட்டளையாக்கி, அவனுடன் பிறந்த உங்கள் மகளோடு, சொத்தில் பங்கில்லாத ஒருவரையும் பொறுப்பாளராக்குங்கள். வழக்கறிஞர் இல்லாமல் எழுதாதீர்கள்.

இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் இல்லாத வீட்டில் தூங்க அவன் இப்போதே பழக வேண்டும். என் மகள் களி சுடச்சுட இருந்தால் தொடமாட்டாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். இப்படி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, மாதம் இரண்டு இரவு அக்கா வீட்டில் விட்டேன். முதல் இரவு முழுக்கக் கதவருகிலேயே உட்கார்ந்திருந்தாள். நான்காம் மாதம் தன் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாளாம். அக்கா தொலைபேசியில் சொன்னபோது அழுதுவிட்டேன்.

உங்கள் பக்கம் இப்படி இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கு அழையுங்கள். நானும் மகளோடு வருகிறேன்.