கேள்வி பதில்: தாத்தா மடியில் அழுத குழந்தை

கேள்வி: கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு இருபது மாதம் ஆகிறது. பேரங்காடியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மடியில் உட்கார வைத்தபோது வீறிட்டு அழுதுவிட்டான். தேவாலயத்தில் நடக்கும் நள்ளிரவுத் திருப்பலி வழிபாட்டுக்கு அவனையும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று மாமியார் விரும்புகிறார். 26ஆம் தேதி பினாங்கில் என் பெற்றோர் வீட்டுக்கும் போக வேண்டும். வீட்டில் கிறிஸ்துமஸ் மரமும், இயேசு பிறப்பைக் காட்டும் குடிலும் வைக்கலாமா என்பதும் தயக்கமாக இருக்கிறது. – ஒரு வாசகி

பதில்: குழந்தை அழுததில் வியப்பில்லை. பழகிய முகத்தையும் புதிய முகத்தையும் பிரித்தறியத் தெரிந்துவிட்ட வயதில், பாதி முகம் தாடிக்குள் மறைந்த ஒருவர் தூக்கி மடியில் வைத்தால் அச்சம் வரத்தான் செய்யும். புகைப்படத்துக்காக மீண்டும் வற்புறுத்தாதீர்கள். தொலைவில் நின்று கையசைக்க அவனுக்கு விருப்பமிருந்தால் அசைக்கட்டும்.

குடிலைத் தாராளமாக வையுங்கள். மரத்தைவிடக் குடில்தான் இந்த வயதுக்கு உகந்தது என்பது என் கருத்து. 1223ஆம் ஆண்டில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் பிறப்புக் காட்சியை அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் அங்கே நிறுத்தினார்; எளிய மக்கள் அதைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆகவே உடையும் சுதைப் பொம்மைகளை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, வாய்க்குள் நுழையாத அளவில் மரத்தாலோ துணியாலோ செய்த உருவங்களை அவன் கைக்கெட்டும் முக்காலியில் அடுக்குங்கள். ஆடு சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இடையர் ஒருவர் குளியலறையில் அகப்படுவார். அதற்கெல்லாம் கோபிக்க வேண்டாம். தீவனத் தொட்டியை மட்டும் 24ஆம் தேதி மாலைவரை வெறுமையாக விட்டு, குழந்தை இயேசுவை அவன் கையாலேயே வைக்கச் செய்யுங்கள்.

மரம் வைப்பதானால், அவன் பிடித்து இழுத்தாலும் சாயாதபடி சன்னல் கம்பியோடு கட்டி, கண்ணாடி உருண்டைகளையும் விளக்குச் சரத்தையும் மேற்பாதியில் தொங்கவிடுங்கள். இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது பொத்தான் வடிவச் சிறு மின்கலத்துக்குத்தான் (பட்டன் பேட்டரி). பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் சிறு மெழுகுவத்தி விளக்கு, மலிவான பொம்மை ஆகியவற்றில் அது இருக்கும். விழுங்கியது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்தசையை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமலும், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமலும், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள் அல்லது 999 எண்ணை அழையுங்கள். மின்கல மூடி திருகாணியால் பூட்டப்படாத பொருளை அன்பளிப்பாக வந்தாலும் எடுத்து வைத்துவிடுங்கள்.

திருப்பலியைப் பொறுத்தவரை, 24ஆம் தேதி மாலைத் திருப்பலியும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு உரியதே. உங்கள் பங்குத் தேவாலயத்தில் அது எத்தனை மணிக்கு என்று கேட்டறிந்து, குழந்தையோடு அதற்குச் சென்று வாருங்கள். நள்ளிரவுத் திருப்பலிக்கு மாமியாரை உங்கள் கணவர் அழைத்துச் செல்லட்டும். அத்தையின் ஆசையும் நிறைவேறும், குழந்தையின் தூக்கமும் கெடாது. நம் ஊர் வெக்கையில் வெல்வெட் தாத்தா உடை வேண்டாம், பருத்திச் சட்டை போதும்.

பினாங்குப் பயணத்தை 26ஆம் தேதியே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் என்ன? கத்தோலிக்கத் திருவழிபாட்டில் கிறிஸ்துமஸ் காலம் சனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவரை நீள்கிறது. நெரிசல் குறைந்த ஒரு நாளில், அவன் மதியம் உறங்கும் நேரத்தை ஒட்டிப் புறப்பட்டால், ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணத்தில் பாதியாவது அமைதியாகக் கழியும். அழுகிறான் என்று மடியில் தூக்கி வைக்காதீர்கள். 2020 சனவரி முதல் மலேசியாவில் காரில் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம்.

அம்மா வீட்டுப் பலகாரத் தட்டில் முழு முந்திரியும் கடலையும், ரம்மில் ஊறிய பழக் கேக்கும் இருக்கும். இரண்டும் அவனுக்கு ஆகாது என்பதைப் புறப்படுமுன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். விருந்தினர் நிறைந்த கூடத்தில் பாட்டியின் கையைத் தடுப்பது எளிதன்று.