தம்பி தன்னை மீட்பர் என்கிறான்; வெள்ளிக்கிழமைகளில் வாசலில் சனம்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

என் தம்பிக்கு 26 வயது. கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை. அதிகம் கதைக்காத பிள்ளை. நாங்கள் சைவம். போன வருடம் நண்பனோடு ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினான், நாங்கள் தடுக்கவில்லை. இப்போது மூன்று கிழமையாக இரவில் இரண்டு மூன்று மணித்தியாலம்தான் படுக்கிறான், ஆனால் களைப்பே இல்லை. திரும்பி வருவேன் என்ற யேசு தான்தானாம், கல்கியும் தான்தானாம். போதகரை எழும்பி இடம் விடச் சொன்னதால் இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அம்மாவின் கண் ஒப்பரேசனுக்குக் கனடா அண்ணா அனுப்பிய காசில் பாதியை ரோட்டில் நின்று பங்கிட்டுவிட்டான். இப்போது நாற்பது நாள் உபவாசமாம். தேத்தண்ணி மட்டும்தான். இன்று ஆறாம் நாள்.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு இவன் கைவைத்த அன்றே காய்ச்சல் விட்டதாம். அதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் சனம் வந்து தேங்காய், வெற்றிலை, காசு வைக்குது. அம்மாவும் பாதி நம்புகிறா. "நல்லூர்ச் சித்தர் செல்லப்பா சுவாமியையும் விசரன் எண்டுதானே சொன்னவை" என்கிறா. நான் "உனக்கு விசர்" என்று கத்தினேன். அதோடு என்னோடு கதையை விட்டுவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் தங்கச்சியின் கலியாணப் பேச்சு குழம்பும் என்று பயம். குளிசையைத் தேத்தண்ணியில் கலந்து கொடுக்கலாமா?

— ஒரு அக்கா, வலிகாமம்

அன்புள்ள சகோதரி,

முதலில் உபவாசத்தைப் பார்ப்போம். அவர் யார் என்ற கேள்வி பிறகு. ஐந்து நாளுக்கு மேல் சாப்பாடு போகாத உடம்பு இது. சாப்பிடச் சம்மதித்துவிட்டான் என்ற சந்தோசத்தில் ஒரு கோப்பை சோற்றைப் போட்டுவிடாதீர்கள். மாச்சத்து திடீரென்று உள்ளே போனால் இரத்தத்தில் பொஸ்பேற்று, பொட்டாசியம் என்ற உப்புகள் சட்டென்று விழுந்து இதயத்துடிப்பு குழம்பலாம். ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திராமல் இன்றோ நாளையோ வைத்தியசாலைக்குப் போங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். தேத்தண்ணியையும் நிறுத்தினால், சலம் போவது குறைந்தால், தலைசுற்றி விழுந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

அம்மா சொல்வதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் அது நியாயமான கேள்விதான். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமி வந்தவர்களை ஏசித் துரத்தினார் என்பதே வழிவழியாக வரும் செய்தி. நான்தான் அவதாரம் என்று அவர் அறிவிக்கவில்லை, காசு சேர்க்கவில்லை. கோயிலில் கலை (சாமி) வந்து ஆடுகிறவர்களையும் அம்மா பார்த்திருப்பா. பறையும் உடுக்கும் ஓய, கலை இறங்கும். தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். உங்கள் தம்பிக்கு இறங்கவில்லை. மூன்று கிழமையாக நித்திரையும் இல்லை.

புராணக் கணக்கையும் அம்மாவுக்குச் சொல்லலாம். கலியுகம் 4,32,000 வருடம், தொடங்கியது கி.மு. 3102. கல்கி வர வேண்டியது அதன் முடிவில். இன்னும் நாலேகால் இலட்சம் வருடத்துக்கு மேல் கிடக்கிறது. வேதாகமத்திலும் மத்தேயு 24ஆம் அதிகாரம், அறைவீட்டுக்குள் இருக்கிறார் என்று சொன்னால் நம்பாதே என்கிறது.

ஆனால் இந்த வாதங்களைத் தம்பியிடம் கொண்டுபோகாதீர்கள். 1959இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தாமே கிறிஸ்து என்று நம்பிய மூன்று நோயாளிகளை உளவியலாளர் மில்ரன் ரோக்கீச் ஒன்றாக இருக்கவைத்தார். ஒருவரை ஒருவர் பார்த்தால் தெளிவார்கள் என்பது அவருடைய எண்ணம். இரண்டு வருடமாகியும் ஒருவரும் அதை விடவில்லை. மற்ற இருவரும் பொய் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சோதனைக்காக ரோக்கீச் பின்னர் வருந்தினார்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல மாட்டேன். நித்திரை குறைந்தும் களைப்பில்லாமல், காசை இறைத்து, தன்னைப் பெரிதாக எண்ணும் நிலை ஒரு கிழமையைத் தாண்டினால், மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் போகும் இருதுருவ நோயின் எழுச்சிக் கட்டமா என்றுதான் வைத்தியர் முதலில் பார்ப்பார். கஞ்சா, ஐஸ் போதைப்பொருள், வலிப்பு, தைரொயிட், ஸ்டீரொயிட் குளிசை எதனாலும் இதே பேச்சு வரலாம். அதனால் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்: படுத்த நேரம், எழும்பிய நேரம், சாப்பிட்டது, கொடுத்த காசு, புதிதாகச் சொன்ன கட்டளை, குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததா, என்ன குளிசை போடுகிறார். கிளினிக் கூட்டத்தில் அந்த ஒரு பக்கம் உங்கள் அரைமணிக் கதையைவிட உதவும்.

அவரோடு நித்திரையைப் பற்றிக் கதையுங்கள். "முகம் வாடிப்போச்சு. நித்திரைக்கு ஒரு டொக்டரைக் காட்டுவம், நானும் வாறன்." நம்புகிறாயா என்று கேட்டால், "எனக்கு அப்பிடித் தெரியேல்லைத் தம்பி, ஆனா உன்னிலை எனக்கு அக்கறை" என்பதோடு நிறுத்துங்கள். மருந்து போடவைப்பதற்காகக்கூட "ஓம், நீதான்" என்று சொல்லக்கூடாது. நாளைக்கு அதுவே அவருக்குச் சாட்சியாகும். "உன்னையோ வேறை ஆரையுமோ ஏதும் செய்யச் சொல்லிக் குரல் ஏதும் கேக்குதா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பலி, கடலில் நடப்பது, கிணற்றில் இறங்குவது என்று பேச்சு வந்தால் அந்த மணித்தியாலமே புறப்படுங்கள். பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி, மண்ணெண்ணெய், மோட்டார் சைக்கிள் திறப்பை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

தேத்தண்ணியில் குளிசை வேண்டாம். ஒரு நாள் பிடிபட்டால், எனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்ற புதிய நம்பிக்கைக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகும். பிறகு உங்கள் கையால் தண்ணிகூடக் குடிக்க மாட்டார். குடித்த அளவும் தெரியாது. மனநிலையைச் சீராக்கும் லிதியம் குளிசையை வைத்தியர் எழுதினால் இன்னும் கவனம்: பட்டினியும் வெயிலும் உடம்பு நீரைக் குறைக்க, இரத்தத்தில் லிதியம் ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த நேரக் குளிசையைக் கொடுக்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். மருந்து தொடங்கினால் நித்திரை பெரும்பாலும் சில நாளில் வரும். நம்பிக்கை தளரக் கிழமைகள் எடுக்கும். நித்திரை வந்ததும் சுகம் என்று குளிசையை நிறுத்துவதுதான் வழமையாக நடக்கும் பிழை.

இனி வாசல் கூட்டம். எனக்குக் கூடுதல் கவலை தருவது இதுதான். 1665இல் மெசியா, அதாவது யூதர்கள் எதிர்பார்த்த மீட்பர், என்று அறிவிக்கப்பட்ட சப்பதாய் செவி என்ற யூதர் அடுத்த வருடமே ஓட்டோமான் சுல்தான் முன் இஸ்லாத்துக்கு மாறினார். அப்போதும் ஒரு பகுதியினர் அவரை விடவில்லை. சனம் நிரூபணம் பார்த்து வருவதில்லை, ஆகவே நிரூபணம் காட்டி அனுப்பவும் முடியாது. படலையைப் பூட்டுங்கள். "பிள்ளைக்குச் சுகமில்லை, படுத்திருக்கிறார்" என்று அம்மாவே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அக்காக்காரிக்குப் பொறாமை என்பார்கள். வைத்த காசைப் பெயர் எழுதித் திருப்பிக் கொடுங்கள். வீடியோ எடுக்க விடாதீர்கள். காசு சேர்க்கவும் வரிசை ஒழுங்குசெய்யவும் ஒருவர் தானாக முளைத்தால் முதலில் அவரை நிறுத்துங்கள். நோய் வியாபாரமாவது அந்த ஆளின் கையில்தான்.

அந்தப் பிள்ளையின் காய்ச்சல் தானாகவே விட்டிருக்கலாம். ஆனால் டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்திலேயே ஆபத்தான கட்டம் தொடங்கும். இனி ஒரு பிள்ளையைத் தூக்கிவந்தால், கைவைக்க விடாமல், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

கலியாணப் பேச்சு பற்றி: வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். கிளினிக் கொப்பி அதைவிடக் குறைவாகத்தான் பேசப்படும்.

நம்பிக்கை கலைந்த பிறகு வெட்கமும் சோர்வும் வரும். தற்கொலை எண்ணம் வரக்கூடிய காலம் அது. அந்த மாதங்களில் தனியே விடாமல், கிளினிக் நாளைத் தவறவிடாமல் பாருங்கள். அண்ணாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்: இனிக் காசு உங்கள் கணக்குக்கு வரட்டும், போன காசைப் பற்றித் தம்பியிடம் இப்போதைக்கு ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம்.