மலைநடைக்குக் கிளம்பும் பெண்களின் கேள்விகள்

கோவை வட்டாரத்தில் பெண்கள் மட்டுமே சேர்ந்து நடத்தும் மலைநடைக் குழுவொன்றில் பதினொரு ஆண்டுகளாக நடந்து வருபவரும், புதியவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பில் இருப்பவருமான மூத்த உறுப்பினர், வாசகியர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

எனக்கு வயது 52. கோயில் படிக்கட்டுகளைத் தவிர எந்த மலையும் ஏறியதில்லை. என்னால் குழுவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா? (பொள்ளாச்சி வாசகி)

அம்மா, நீங்கள் குழுவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியதில்லை, குழுதான் உங்கள் வேகத்துக்கு நடக்கும். எங்கள் வரிசையில் மிக மெதுவாக நடப்பவரே முன்னால் செல்வார், வழி நன்கு தெரிந்த உறுப்பினர் ஒருவர் கடைசியில் வருவார். வேகமாக நடப்பவர்களை முன்னால் விட்டால் அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து இளைப்பாறிக் காத்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததுமே அவர்கள் எழுந்து கிளம்பிவிடுவார்கள். ஆக, ஓய்வு மிகவும் தேவைப்படுகிறவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். நான் முதன்முதலில் வேறொரு கூட்டத்தோடு சென்றபோது இதைத்தான் அனுபவித்தேன். அன்று மாலை, இனி மலைப்பக்கமே வருவதில்லை என்று அழுதுகொண்டு வீடு திரும்பினேன். வரிசையின் ஒழுங்கை மாற்றினால் போதும், அறுபது வயதுப் பெண்களும் மகிழ்ச்சியாக நடக்கிறார்கள் என்பதைப் பிறகு இந்தக் குழுவில் கண்கூடாகப் பார்த்தேன்.

முதல் நடைக்கு ஆழியாறு கால்வாய்க் கரை, கோத்தகிரி அருகிலுள்ள லாங்வுட் சோலை போன்ற எளிய இடங்கள் போதும். முழங்கால் வலி பெரும்பாலும் ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். ஆகவே இரண்டு மாதம் முன்பிருந்தே மாடிப்படியில் ஏறுவதோடு நிதானமாக இறங்கியும் பழகுங்கள். ஏற்கெனவே மூட்டுத் தேய்மானமோ நெஞ்சு வலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்ட பின்னரே பெயரைக் கொடுங்கள்.

சேலையில் வரலாமா? (உடுமலை வாசகி)

வரலாம். வால்பாறையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலைமேல் படுதாவைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். ஆனால் அந்தப் பழக்கம் இல்லாத நமக்குச் சுடிதாரோ தளர்வான கால்சட்டையோதான் வசதி. புதிய காலணியை மலையில் முதன்முதலாக அணியாதீர்கள். இரண்டு வாரமாவது வீட்டருகே போட்டு நடந்து பழக்குங்கள். கால் நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இறக்கத்தில் விரல் நுனி கன்றிப்போகும்.

வனத்துறை அனுமதி கட்டாயமா? எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர் நாங்களாகவே போக நினைக்கிறோம். (தேனி வாசகி)

கட்டாயம். இதில் நான் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2018 மார்ச் 11 அன்று உங்கள் மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெண்கள் பலர். காய்ந்த புல்வெளிச் சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், ஏனெனில் கீழிருந்து எழும் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. நமக்கு மேல்நோக்கி ஓடத்தான் தோன்றும், தீயும் அதே வழியில்தான் வரும். அந்த விபத்துக்குப் பின் அதே ஆண்டிலேயே மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தின் கீழ் 40 வழித்தடங்களை எளியது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து வனத்துறை திறந்துவிட்டது. முன்பதிவு இணையத்தில் நடக்கிறது. பத்துப் பேரும் அப்படியே பதிவு செய்து செல்லுங்கள். தீப்பருவத்தில் தடங்கள் மூடப்பட்டிருந்தால் வேறு யாரிடமும் வழி கேட்காதீர்கள்.

மாதவிடாய் நாளில் வரலாமா? வழியில் ஒதுங்க இடம் இருக்குமா? (ஈரோடு வாசகி)

பெண்கள் மட்டும் சேர்ந்து நடப்பதன் பெரிய நன்மையே இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்க முடிவதுதான். ஆண்களும் கலந்த கூட்டத்தில் ஒதுங்க இடம் கேட்கக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நடக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். நண்பகலில் அவர்களுக்குத்தான் தலை சுற்றுகிறது, கால் தசை பிடித்துக்கொள்கிறது. எங்கள் நடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, வழிகாட்டியை முன்னே நிறுத்திவிட்டு, இருவர் இருவராக ஒதுங்குகிறோம். ஓடைக் கரைக்கு அருகே மட்டும் கூடாது. மாதவிடாய் நாளில் உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக வரலாம். பயன்படுத்திய அணையாடையைக் காகிதத்தில் சுற்றி, இறுக மூடும் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும். காட்டில் புதைத்தால் விலங்குகள் தோண்டி எடுத்துவிடும்.

அட்டை என்றாலே எனக்கு உடல் கூசுகிறது. என்ன செய்வது? (திருப்பூர் வாசகி)

மழைக்குப் பின் சோலைக்குள் நின்று கீழே குனிந்து பாருங்கள். உதிர்ந்த இலையின் விளிம்பில் நூல் துண்டு போன்ற ஒன்று வாலை ஊன்றி நிமிர்ந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு உங்கள் உடல் சூட்டைத் தேடும். காலணியில் ஏறியதும் வளைந்து வளைந்து மேலே வரும். அப்போதே விரலால் சுண்டிவிடலாம். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். மெலிந்திருக்கும் வாய்ப்பக்கத்தின் அடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் பிடியை விட்டுவிடும். அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் கடிவாயில் நெடுநேரம் கசியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டுங்கள். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுக் காலுறை அணிந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

என் மகளுக்கு எவரெஸ்ட் ஏற ஆசை. எங்கிருந்து தொடங்குவது? (மதுரை வாசகி)

பச்சேந்திரி பால் 1984 மே 23 அன்று எவரெஸ்டில் ஏறிய முதல் இந்தியப் பெண்ணானார். சரியாக 39 ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே மே 23 அன்று, விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி உச்சியைத் தொட்டார். மகளிடம் இருவரைப் பற்றியும் சொல்லுங்கள். உரிய வயது வந்ததும் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்திலோ டார்ஜிலிங்கில் உள்ள இமயமலை மலையேற்ற நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சியில் சேரலாம். இப்போதைக்கு அவளை எங்களோடு அனுப்புங்கள், நீங்களும் உடன் வாருங்கள்.

காட்டுக்குப் போய் வந்த பத்தாம் நாள் கடும் காய்ச்சல் வந்தது. அதற்கும் நடைக்கும் தொடர்பு இருக்குமா? (கோவை வாசகி)

இருக்கலாம். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர் கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸை நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கடும் தலைவலியும் தொடங்கும். பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கும், ஆனால் அது வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி என்று ஆடைக்குள் மறைந்திருப்பதால் நாமும் கவனிப்பதில்லை, மருத்துவரிடம் காட்டவும் கூசுகிறோம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இன்றே மருத்துவரிடம் சென்று, எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.